மூன்று பிறந்த தேதிகள்: முதியோர் கொள்கையை வகுப்பறையில் கற்பிக்க ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் சமூகவியலோ சமூகப்பணியோ அரசியல் அறிவியலோ படிக்கும் மாணவரிடம் முதியோர் நலத் திட்டங்களைக் கேட்டால் பத்துப் பெயர்களாவது வரும். முதியோர் ஓய்வூதியம், காப்பீடு, மக்களைத் தேடி மருத்துவம், பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் என்று வரிசை பிசகாமல் சொல்வார்கள். "இவ்வளவு இருந்தும் இந்தப் பாட்டிக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இல்லையென்றால் வி.ஏ.ஓ.தான் காரணம் என்று ஒரே குரலில் பதில் வரும்.

இந்த நிகழ்வு ஆய்வு அந்த இடத்தை மனத்தில் வைத்து அமைந்தது. ஒரு முதியவரின் வழியில் நிற்கும் ஒவ்வொரு தடையும் எந்தச் சட்டத்தில், எந்த அரசாணையில், எந்த மேசையில் உண்டாயிற்று என்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்த பிறகே யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும். 30 முதல் 40 பேர் கொண்ட வகுப்புக்கு, ஐந்து ஐந்து பேர் கொண்ட குழுக்களாக, வாரம் இரண்டு மணி நேரம் வீதம் நான்கு வாரத்துக்கு இது போதும்.

கீழே வரும் பெண்மணி வகுப்புக்காகக் கட்டப்பட்டவர். பந்தலூர், கூடலூர் வட்டாரத்தில் தனித்தனியாகக் காணக்கூடிய சிக்கல்களை ஒரே வாழ்க்கைக்குள் கொண்டுவந்திருக்கிறோம். அவருடைய வாடகையும் கூலியும் பயணச் செலவும் பயிற்சிக்கான எண்கள். அவரைச் சுற்றியிருக்கும் சட்டங்களும் அரசுத் தொகைகளும் உண்மையானவை.

நிகழ்வு

இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970-களின் பிற்பகுதியில் குடும்பத்தோடு மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தார். பந்தலூர் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் பல ஆண்டுகள் கைக்காசு வேலை செய்தார். கொழுந்து மிகுந்த மாதங்களில் கூப்பிடுவார்கள், மற்ற மாதங்களில் வேலை இல்லை. 2006-இல் நிரந்தரமானார். 2015-இல், தோட்டத்துப் பதிவேட்டின்படி 58 வயது நிறைந்ததும் ஓய்வு. தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பந்தலூர் அருகே 1,000 ரூபாய் வாடகையில் ஒற்றை அறைக்குப் போனார். கணவர் இல்லை. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். சில மாதங்களில் 1,500 ரூபாய் அனுப்புவார், சில மாதங்களில் அனுப்ப முடியாது.

அவரிடம் மூன்று தாள்கள் இருக்கின்றன. தாயகம் திரும்பியபோது கொடுத்த பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1959. தோட்டத்து பி.எஃப். பதிவில், யாரோ ஒரு எழுத்தர் உத்தேசமாகப் போட்ட 1957. ஆதாரில் 01-01-1962. பாட்டி பள்ளிக்கூடம் போகவில்லை. எந்தத் தேதியும் அவர் சொல்லி எழுதியதல்ல.

2022-இல் முதியோர் ஓய்வூதியத்துக்கு மனுச் செய்தார். "மகன் உள்ளார்" என்ற குறிப்போடு நிராகரிக்கப்பட்டது. அவருடைய பெயர் திருப்பூரில் மகனின் ரேஷன் கார்டில் இருக்கிறது. குடும்பத் தலைவி மருமகள். வகுப்பு நடக்கும் காலம் 2025.

மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டியது இந்த விவரமும், மூன்று தாள்களின் மாதிரி நகலும், நிராகரிப்புக் குறிப்பும், ஒரு மாதக் கணக்கு எழுத வெற்றுத் தாளும்தான். திட்டங்களின் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தேர்வுக்குப் பொருத்துக வினா எழுதுவதுபோல ஆளுக்கொரு திட்டத்தைப் பொருத்திவிட்டு எழுந்துவிடுவார்கள்.

முதல் வாரம்: ஒரு மாதக் கணக்கு

முதல் வகுப்பில் கொள்கை என்ற சொல்லே வர வேண்டாம். பாட்டியின் வரவு செலவை ஒரு மாதத்துக்கு எழுதச் சொல்ல வேண்டும். வாடகை 1,000. ரேஷன் அரிசி விலையில்லை, ஆனால் கார்டு எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி 2020 அக்டோபரில் வந்துவிட்டது. ஆனால் அதே அரிசியைத் திருப்பூரில் மகன் குடும்பம் வாங்கிவிட்டால் இங்கே வாங்க எதுவும் மிஞ்சாது. கைரேகை அடுத்த சிக்கல். முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்காவிட்டால் கருவிழிப் பதிவோ, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யோ மாற்று வழி. கைப்பேசி எண் மகனுடையது என்றால் அந்த வழியும் திருப்பூரில்தான் திறக்கும்.

பேருந்துச் செலவில் சற்று நிற்க வேண்டும். வங்கி, மருத்துவமனை, அலுவலகம் என்று மாதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் போக வர 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 150 ரூபாய். 1,200 ரூபாய் ஓய்வூதியம் வருவதாக எண்ணினாலும் அதில் எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். 2021 மே மாதமே மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டதே என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். அந்தச் சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது. மலையில் ஓடிய பேருந்துகள் அந்த வகைக்குள் வரவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பு 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சமவெளிப் பாட்டி காசில்லாமல் போனாள், மலைப் பாட்டி காசு கொடுத்துப் போனாள். இருவரையும் பிரிக்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. பேருந்தின் வகைப்பெயர் பிரித்துவிட்டது. இந்த ஓர் எடுத்துக்காட்டை மாணவர் முழுதாகப் பிடித்துக்கொண்டால் அடுத்த மூன்று வாரமும் இலகுவாகப் போகும்.

இரண்டாம் வாரம்: வயது என்றால் எது?

பலகையில் ஒரு நேர்கோடு போட்டு 58, 60, 70, 80 என்று குறிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணிலும் எந்தக் கதவு திறக்கிறது என்று குழுக்கள் தேடி எழுதட்டும்.

58-இல் பி.எஃப். ஓய்வூதியம். 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 10 ஆண்டு பணிக்காலம் இருந்தால் மாத ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பது 2014 செப்டம்பர் முதல். நம் பாட்டியின் நிரந்தரப் பணி 9 ஆண்டு 4 மாதம் என்று தாளில் இருக்கிறது. ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் முழு ஆண்டாகக் கொள்வார்கள், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுவார்கள். இன்னும் இரண்டு மாதம் பதிவில் இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்க மாதப் பணம் வந்திருக்கும். இப்போது கிடைப்பது ஒருமுறை திரும்பப் பெறும் தொகை மட்டும். கைக்காசாக உழைத்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதை மாணவர் இங்கேதான் கவனிப்பார்கள். முதுமைக் கொள்கை 60 வயதில் தொடங்குவதில்லை. இருபத்தைந்து வயதில் பெயர் பதிவேட்டில் ஏறிற்றா இல்லையா என்பதில் தொடங்குகிறது.

பணிக்கொடை தனி. ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி இருந்தால் ஆண்டுக்கு 15 நாள் கூலி. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கணக்கு இது. இங்கே ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியே ஓர் ஆண்டாகும் என்பதால் 9 ஆண்டு. நாள் கூலி 230 ரூபாய் என்று வைத்தால் 230 × 15 × 9 = 31,050 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி சேரும். லைன் வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்று நிர்வாகம் சொல்வதும், பணம் தந்தால்தான் காலி செய்வேன் என்று தொழிலாளி இருப்பதும் தோட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் தகராறு. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் ஓய்வு நாள் அன்றே இரண்டும் போகும் என்பதை வகுப்பில் பேசாமல் தாண்டக் கூடாது. பக்கத்துக் கூடலூரில் வீட்டுமனைப் பேச்சு எழுந்தால் ஜென்மம் என்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் 17-ஆம் பிரிவில் உரிமை தீராமல் கிடக்கும் நிலங்களும், பட்டா இல்லாமையும் கூடவே வரும். அது தனியே ஒரு நிகழ்வு ஆய்வுக்கான பொருள். இங்கே ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

60-இல் முதியோர் ஓய்வூதியம், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'மூத்த குடிமக்கள்' வரையறை. 70-இல் ஒரு கூட்டம் கதவுகள்: வருமான வரம்பில்லாத 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபரில் அறிமுகமானபோது வைத்த வயது 70. ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோதும் 70. வீட்டு வாசலில் வங்கிச் சேவை தரும்படி ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்குச் சொன்னதும் 70 கடந்தோருக்குத்தான். 80-இல் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 200-இலிருந்து 500 ஆகிறது.

இனி மூன்று தேதிகளையும் இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பி.எஃப். பதிவுப்படி பாட்டிக்கு 2017-இல் 60. பாஸ்போர்ட்படி 2019. ஆதார்படி 2022. அந்த ஆண்டுகளில் ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். மற்றத் தகுதிகள் இருந்ததாகக் கொண்டால், பதிவேட்டுத் தேதிக்கும் ஆதார் தேதிக்கும் உள்ள இடைவெளியின் விலை 5 × 12 × 1,000 = 60,000 ரூபாய். பாஸ்போர்ட்டை ஏற்றால் 36,000. கூலி வேலை முடிந்தது 2015-இல், ஓய்வூதியக் கதவு திறந்தது 2022-இல். அந்த ஏழு ஆண்டுகளும் எந்தத் திட்டத்துக்கும் சொந்தமில்லை.

இப்போது எல்லாக் கணக்கிலும் 60 கடந்துவிட்டதே, பிறகென்ன என்று சில குழுக்கள் நிறுத்திவிடும். அவர்களை 70-க்குத் தள்ள வேண்டும். அதே பிழை 2027, 2029, 2032 என்று மறுபடி மூன்றாகப் பிரிகிறது. 80-இலும் பிரியும். ஒரு முறை தவறாக ஏறிய தேதி ஒவ்வொரு படியிலும் மறுபடி வசூல் செய்கிறது.

ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது. நடைமுறையில் விண்ணப்பப் பதிவுகள் ஆதார் எண்ணோடு இணைந்தவை என்பதால் அந்தத் தேதியே வந்து நிற்கிறது. திருத்தினால் ஆயிற்று என்று மாணவர் சொல்வார்கள். பிறந்த தேதியைத் திருத்த ஆதாரில் பொதுவாக ஒரே ஒரு வாய்ப்புத்தான். 1957 வேண்டுமா 1959 வேண்டுமா என்று தாள்களை ஒப்பிட்டு முடிவு செய்த பிறகே அந்த வாய்ப்பைத் தொட வேண்டும். எழுத்தரின் உத்தேசத்தைவிட அரசு கொடுத்த பாஸ்போர்ட் உறுதியான ஆவணம். அதிலுள்ள தேதி இரண்டு ஆண்டு தள்ளியிருந்தாலும் அதைப் பிடிப்பதே சரி என்பது எங்கள் கருத்து. ஒரு குழு மாறாக வாதிட்டால் வாதிடட்டும், ஆனால் தாளைக் காட்டி வாதிட வேண்டும்.

மூன்றாம் வாரம்: "மகன் உள்ளார்"

நிகழ்வின் மையம் இந்த இரண்டு சொற்கள். முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் பங்கு 75 ரூபாய், வயது 65. 2011-இல் வயது 60 ஆயிற்று. பங்கு 200 ரூபாய் ஆனது 2006-07-இல். 80-க்குக் கீழே உள்ளவருக்கு இன்றும் அதே 200. மாநிலம் 2023 ஆகஸ்ட் முதல் மொத்தத்தை 1,200 ஆக்கியது. ஆக ஒன்றியத் திட்டத்தில் இருக்கும் 80-க்குக் கீழ்ப்பட்டவரின் 1,200-இல் 1,000 மாநிலத்தினுடையது. ஒன்றிய அரசு எத்தனை பேருக்குத் தன் பங்கைத் தரும் என்பதற்கும் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் சேர்பவர்களின் முழுச் சுமையும் மாநிலத்தின் மேல் விழுகிறது. இதைச் சொன்ன பிறகு "கள அலுவலர் ஏன் கையை இறுக்கிப் பிடிக்கிறார்?" என்று கேட்டால் பதிலின் தரமே மாறிவிடும்.

தகுதியில் இரண்டு சொற்கள் முக்கியம்: வறுமை, ஆதரவின்மை. சொத்து மதிப்புக்கு ஒரு லட்ச ரூபாய் வரம்பு. வறுமையை அளக்க எண் இருக்கிறது, ஆதரவின்மையை அளக்க எண் இல்லை. வீட்டுக்கு வந்து விசாரிப்பவர் கண்ணில் படுவதைத்தான் எழுத முடியும். மகன் கண்ணில் படுகிறார், அவர் அனுப்பாத மாதங்கள் கண்ணில் படுவதில்லை.

அதே மகனை 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. அங்கே அவர் கடமைப்பட்டவர். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பந்தலூருக்குக் கூடலூர் ஆர்.டி.ஓ. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். மகனுக்கு அறிவிப்பு சேர்ப்பித்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். 17-ஆம் பிரிவின்படி வழக்கறிஞர் வைத்து நடத்த முடியாது. மேல்முறையீடு ஆட்சியரிடம், 60 நாளுக்குள். 'பிள்ளைகள்' என்பதில் மகன், மகள் மட்டுமின்றி வயது வந்த பேரன் பேத்தியும் அடக்கம். இதை வகுப்பில் வாசிக்கும்போது பதினெட்டு வயது தாண்டிய மாணவர் எல்லாரும் தாங்களும் இந்தச் சட்டத்துக்குள் இருப்பதை உணர்வார்கள். அந்தச் சலசலப்புக்கு ஐந்து நிமிடம் விட வேண்டும்.

ஓர் அரசுத் திட்டம் மகன் இருப்பதால் கொடுக்க மறுக்கிறது. ஒரு சட்டம் மகனிடம் கேட்டு வாங்கிக்கொள் என்கிறது. நடுவில் இருக்கும் தாய்க்கு மகனைத் தீர்ப்பாயத்தில் நிறுத்த மனம் வராது. பனியன் கம்பெனிக் கூலியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவனிடம் வேறு என்ன கேட்பது என்று அவரே சொல்வார்.

இதை நடித்துக் காட்டச் செய்வது பலனளிக்கும். ஆறு பாத்திரம்: பாட்டி, மகன், மருமகள், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் அவருக்குத் தெரிந்தது மட்டும் இருக்க வேண்டும். மகன் எவ்வளவு அனுப்புகிறார் என்பது வி.ஏ.ஓ. சீட்டில் இருக்காது. நிராகரித்தது யார் என்பது பாட்டியின் சீட்டில் இருக்காது. வட்டாட்சியர் சீட்டில் பாட்டியின் முகமே இருக்காது, அறிக்கையின் ஒற்றை வரிதான் இருக்கும். இருபது நிமிடம் நடித்துவிட்டு, எந்த இடத்தில் எந்தத் தகவல் கீழே விழுந்தது என்று எழுதச் சொன்னால் வி.ஏ.ஓ. மேல் இருந்த கோபம் சரியான இடத்துக்கு நகரும். அவரும் தவறலாம், பணம் எதிர்பார்க்கும் அலுவலரும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நல்ல அலுவலர் இருந்தாலும் இந்த மனு விழும் என்பதை மாணவர் பார்த்தாக வேண்டும்.

கண்ணில் மங்கலான கண்ணாடி மாட்டி, காலில் மணல் மூட்டை கட்டி, முதுமையை உணரச் செய்யும் பயிற்சி பல இடங்களில் பிரபலம். செவிலியர் வகுப்புக்கு அது பயன்படும். கொள்கை வகுப்புக்கு அது கேடு என்றே சொல்வோம். பாட்டியின் முட்டிவலியே சிக்கல் என்று மாணவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முட்டிவலிக்காரர் கைரேகை வைக்க எத்தனை படி ஏறுகிறார், அந்தக் கருவியை அங்கே வைத்தது யார் என்ற கேள்வி பின்னே போய்விடும்.

ரேஷன் கார்டும் இதே வாரத்தில் வர வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்கு. அது மருமகளுக்குப் போகிறது. முதியோர் ஓய்வூதியம் வாங்கினால் உரிமைத் தொகை இல்லை. பாட்டிக்குத் தனிக் கார்டு வேண்டுமானால் முதலில் மகன் கார்டிலிருந்து பெயர் நீக்க வேண்டும், பிறகு தனிச் சமையலும் தனி முகவரியும் காட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வாடகை அறைக்காரர் முகவரிச் சான்றுக்குத் தாள் கொடுக்கத் தயங்கினால் வேலை அங்கேயே நிற்கும். பெயரை நீக்கிவிட்டுப் புதுக் கார்டு வருவதற்குள் இரண்டும் இல்லாத ஓர் இடைவெளி விழும். முதல்வர் காப்பீட்டுக்கும் கார்டுதான் அடிப்படை. ஆகவே மருத்துவமனையில் சேரும் நிலை இருக்கும்போது பெயர் நீக்கத்தைத் தொடங்கவே கூடாது. இந்த எச்சரிக்கையை எந்தக் குழுவும் தானாகச் சொல்லாவிட்டால் ஆசிரியர் சொல்லிவிட வேண்டும்.

எதிர் நிகழ்வு: கோத்தகிரிப் பக்கம்

பந்தலூர்ப் பாட்டியை மட்டும் பார்த்தால் ஏழைமைதான் எல்லாம் என்று தோன்றும். ஒப்பிட ஒரு சிறு நிகழ்வு போதும். கோத்தகிரி வட்டத்தில் ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) 72 வயதுப் படகர் முதியவர், ஓர் ஏக்கர் தேயிலை. நிலம் ஒரு லட்சத்தைவிட அதிகம் பெறும் என்பதால் முதியோர் ஓய்வூதியம் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தன் தோட்டத்தில் உழைத்ததால் பி.எஃப்., பணிக்கொடை எதுவும் இல்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் பறிப்புக் கூலிக்கே பற்றாது. பட்டா அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக, தாத்தா காலத்துப் பெயரோடு இருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் பி.எம்.கிசான் தொகைக்கு நிலம் 2019 பிப்ரவரி 1 அன்று தன் பெயரில் இருந்திருக்க வேண்டும். கூட்டுப் பட்டா பிரியாதவருக்கு அங்கே தடை. ஆனால் 70 தாண்டியதால் ஆயுஷ்மான் காப்பீட்டின் வயதுத் தகுதி இவருக்கு இருக்கிறது, பந்தலூர்ப் பாட்டிக்கு இல்லை. நிலம் எழுதிக் கொடுக்கும் பேச்சு வந்தால் 2007-ஆம் சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்ல வேண்டும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிவிட்டுப் பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் இறுக்கமாகச் சொன்னது. 2025 ஜனவரியில் சட்டத்தின் நோக்கத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டு தீர்ப்பையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

நேரில் போகும்போது

கள நாளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். தேவாலா, பந்தலூர் மழையில் பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. காலை பத்துக்குப் போய் மாலை நான்குக்குள் மெயின் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். இருட்டியபின் யானை நடமாட்டம் உள்ள தோட்டப் பாதைகளில் மாணவரை நடக்க விடக் கூடாது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அந்த மொழி தெரிந்தவர் இல்லாமல் போனால் பாட்டிக்குப் பதில் பக்கத்து வீட்டு இளைஞர்தான் பேசுவார், அந்தப் பதிலைப் பாட்டியுடையது என்று எழுதக் கூடாது.

ஆதார், பாஸ்புக் படம் எடுக்கவே கூடாது. பிறந்த ஆண்டை மட்டும் தாளில் குறித்துக்கொண்டால் போதும். "நாங்க வாங்கித் தர்றோம்" என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வந்துவிட்டால் அந்தத் தாய் அடுத்த ஆறு மாதம் காத்திருப்பார். பாட்டியோ அம்மாவோ ஆயாவோ, வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படிக் கூப்பிட்டு, போனவுடன் தாளைக் கேட்காமல் உட்கார்ந்து பேசினால் கணக்குத் தானாக வரும்.

நான்காம் வாரம்: யாருக்கு எழுதுவது

ஒவ்வொரு குழுவும் பந்தலூர்ப் பாட்டிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் தடைகளை அவை பிறந்த மேசையோடு சேர்த்து எழுத வேண்டும். 10 ஆண்டு விதி ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறது, ஆட்சியரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. 200 ரூபாயும் ஒன்றியத்தினுடையது, நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம். 1,200 மாநில அரசாணை. பேருந்து வகை போக்குவரத்துத் துறை. "மகன் உள்ளார்" வட்டாட்சியர் மேசை, அதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம்.

முதல் படியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவையே பரிந்துரைப்போம். பாட்டி பெயரிலேயே போக வேண்டும். மாணவர் பெயரில் போனால் மூன்றாம் நபரின் சொந்தத் தகவல் என்று மறுக்க இடமுண்டு. கேட்க வேண்டியவை மூன்று: நிராகரிப்பு ஆணையின் நகல், அதற்கு அடிப்படையான விசாரணை அறிக்கையின் நகல், எந்த அரசாணையின் எந்தப் பத்தியின் கீழ் நிராகரித்தார்கள் என்பது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று சான்று காட்டினால் அதுவும் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பதிலுக்கு 30 நாள். பதில் கையில் வந்த பிறகு, மகன் எந்தெந்த மாதம் எவ்வளவு அனுப்பினார் என்பதை வங்கிக் கணக்கு நகலோடு காட்டிப் புதிய விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம். இந்த ஆதாரம் 2022 மனுவில் இல்லை. பாஸ்புக்கைப் பார்க்கும்போதே இரண்டு ஆண்டாகப் பரிவர்த்தனை இல்லாமல் கணக்கு முடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஆணை வந்தும் பணம் ஏறாமல் போக அது ஒரு காரணம்.

மதிப்பெண் 20. கணக்கு சரியாக இருந்தால் 5. ஒவ்வொரு தடைக்கும் உரிய சட்டமோ அரசாணையோ காட்டினால் 5. தடையைச் சரியான மேசைக்கு அனுப்பியிருந்தால் 6. பாட்டிக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுதியிருந்தால் 4. கடைசி நான்கைத் தவறவிடும் குழுக்கள் அதிகம் இருக்கும். தீர்ப்பாயத்தில் மகன் மேல் மனுப் போடச் சொல்லி அழகாக எழுதியிருப்பார்கள், பாட்டி வேண்டாம் என்று சொன்ன வரி எங்கும் இருக்காது. அந்தக் குறிப்பைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்ல வேண்டும்.

தொகைகளும் வயது வரம்புகளும் நிதிநிலை அறிக்கைக்கு அறிக்கை மாறுகின்றன. ஒவ்வொரு ஜூன் மாதமும், வகுப்பு தொடங்குமுன், ஓய்வூதியத் தொகை, சொத்து வரம்பு, வீடு தேடி வரும் ரேஷனின் வயது, காப்பீட்டின் வருமான வரம்பு ஆகிய நான்கையும் அரசாணையோடு ஒப்பிட்டுத் தாளைத் திருத்த வேண்டும். பழைய எண்ணை அழித்துவிடாமல், மாறிய தேதியோடு பக்கத்திலேயே புதியதை எழுதினால் அடுத்த ஆண்டு மாணவருக்கு அதுவே இரண்டாம் வாரத்துக்கான கூடுதல் கணக்காகும்.